ஓட்டை போட்டது யார்? – திருகோணமலைத் துறைமுகமும் இரும்பு ஒட்டும் கதையும்

போன வருசம் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பழைய புத்தக இறாக்கை கிடைத்தது. மெல்லிய இரும்புக் குழாயில் செய்தது. ஒரு கால் விட்டுப்போயிருந்ததால் நகரத்திலுள்ள ஒரு சின்ன வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி எங்களைவிட இளையவர். கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்து, ரொட்டைத் தொட்டு இரண்டு செக்கன் போகவில்லை, குழாயில் ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. தம்பியின் முகம் கறுத்துப்போனது.

கடைக்கார அண்ணன் வந்தார். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் ஓட்டைக்குள்ளால் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். சிவப்புத் தூளாகக் கறள் கொட்டியது. "தம்பியில பிழையில்ல. வெளியில பெயின்ட், உள்ளுக்க கறள். இரும்பே இல்லாத இடத்தில எப்பிடி ஒட்டுறது?" என்றார். பிறகு அவரே இருந்து அந்த ஓட்டையை அடைத்துத் தந்தார்.

அந்த ஒரு வசனம் எங்களை விடவில்லை. ஓட்டை விழுந்தவுடன் எல்லாரும் பார்ப்பது ரொட் பிடித்திருந்தவனின் கையைத்தான். இரும்பை யார் வாங்கினார்கள், யார் இவ்வளவு மெல்லிசாக வடிவமைத்தார்கள், யார் இத்தனை வருசம் கறள் பிடிக்க விட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கட துறைமுகத்தின் வரலாற்றையும் இந்தக் கேள்வியோடு ஒருக்கா பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஓட்டை எப்படி விழுகிறது?

வெல்டிங் என்பது பசை பூசுவதைப் போன்றதல்ல. மின்சாரம் ரொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் இடையில் பாய்ந்து ஒரு வில்லாக எரியும்போது, இரண்டு பக்க இரும்பும் உருகி ஒரு சின்னக் குளமாகிறது. ரொட்டும் உருகி அந்தக் குளத்துக்குள் சேர்கிறது. குளம் ஆறி இறுகினால் இரண்டும் ஒன்று. ஒட்டுவதற்கு இரும்பு உருகத்தான் வேண்டும், ஆனால் அடிவரைக்கும் உருகிவிட்டால் குளத்தைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது. அது கீழே விழுந்துவிடும். மிஞ்சுவது ஓட்டை. ஒட்டுக்கும் ஓட்டைக்கும் இடையில் இருப்பது கொஞ்ச வெப்பமும் ஒரு செக்கன் நேரமும்தான்.

காரணங்கள் நாலைந்து. கரண்ட் கூடிப்போவது. கை ஒரே இடத்தில் தங்கிவிடுவது. இரண்டு துண்டுக்கும் இடையில் இடைவெளி அதிகமாக இருப்பது. தகடு மெல்லிசாக இருப்பது, அல்லது பார்க்கத் தடிப்பாக இருந்து உள்ளே கறளால் தின்னப்பட்டிருப்பது. இவற்றில் முதல் இரண்டும்தான் வெல்டரின் கையில் இருப்பவை. மற்றவை அவர் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னமே முடிந்துபோனவை.

திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அண்ணன் செய்ததை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் நிற்பாட்டினார். "சூட்டோட சூடா அடைக்கப் போனா ஓட்டை பெருக்கும்" என்றார். ஆறவிட்டு, கசடைச் சுத்தியலால் தட்டி, கிரைண்டர் பிடித்து, நல்ல இரும்பு தெரியும்வரை ஓரத்தைச் சுத்தமாக்கினார். கரண்டைக் குறைத்து, மெல்லிய 2.5 மில்லிமீற்றர் ரொட்டை எடுத்தார். ஓட்டையின் நடுவில் தொடவேயில்லை. தடிப்பு மிஞ்சியிருந்த விளிம்பில் ஒரு பொட்டு வைத்து, அது சிவப்பு மங்கும்வரை பொறுத்து, அதன்மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த பொட்டு. இப்படியே சுற்றிச் சுற்றி வர ஓட்டை சிறுத்து மூடியது. அடிப்பக்கம் கை போகிற இடமென்றால் ஒரு செப்புத் தகட்டை அணைப்பாக வைப்பார்களாம். செப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், இரும்போடு இலகுவில் ஒட்டாது.

அவசரக்காரர் செய்வது வேறு. ஓட்டைக்குள் ஒரு ஆணியையோ கம்பித் துண்டையோ செருகி, மேலே உருக்கி ஊற்றி, கிரைண்டரால் வழித்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான். பாரம் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஒட்டு பிறந்ததே பழுது பார்க்கத்தான்

வெல்டிங்கின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்த விசயம் இது: இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிற, மேற்பூச்சுப் பூசிய ரொட் புதிதாக எதையாவது கட்டுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் ஒஸ்கார் கெல்பெர்க் என்ற பொறியியலாளர், நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களில் றிவெட் ஆணி அடித்த பொருத்துகள் ஒழுகுவதை நிற்பாட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். 1904இல் அவர் ஏசாப் என்ற கம்பனியைத் தொடங்கினார். வெறும் கம்பியை உருக்கினால் காற்றுப் பட்டு ஒட்டு பொருபொருத்துப் போகும். கம்பிக்கு மேல் ஒரு பூச்சுப் பூசினால் அது எரிந்து புகையாகவும் கசடாகவும் மூடி உருகிய இரும்பைக் காக்கும். ஒரு கப்பலின் ஒழுக்கை அடைக்க வந்த யோசனை அது.

அதற்குப் பிறகும் பல காலம் கப்பல்கள் றிவெட் ஆணியால்தான் கட்டப்பட்டன. வெல்டிங்கை நம்ப ஆட்களுக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை உடைத்ததும் ஒரு பழுதுவேலைதான். 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போருக்குள் நுழைந்தபோது, அமெரிக்கத் துறைமுகங்களில் மறிபட்டு நின்ற ஜெர்மன் கப்பல்களின் மாலுமிகள், எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று இயந்திரங்களை உடைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். வார்ப்பிரும்பு உருளைகள் பெரிய பெரிய துண்டாக உடைந்துகிடந்தன. புதிதாக வார்த்துச் செய்தால் மாதக்கணக்கில் போகும். அமெரிக்கக் கடற்படை மின் வெல்டிங்கால் அவற்றை ஒட்டியது. உடைத்தவர்கள் திருத்தவே ஏலாது என்று நினைத்த கப்பல்கள் சில மாதங்களில் படையினரை ஏற்றிக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்தன. 1920இல் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட்டில் முழுக்க வெல்டிங்கால் கட்டிய 'ஃபுல்லகார்' கடலில் இறங்கியது.

1942 ஏப்ரல் 9

இனி எங்கட ஊருக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் திருகோணமலை என்றால் 'உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று' என்ற ஒரு வரி. அந்த வரிக்கு உள்ளே போனால் டொக்யார்ட் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்து, 1957 ஒக்ரோபரில் இலங்கையிடம் கைமாறியது. கடற்படைத் தளம் என்றால் பீரங்கியும் கொடியும் மட்டுமல்ல. பட்டறை, கொதிகலன் வேலை, தச்சு, பெயின்ட், கப்பலின் அடி சுரண்டும் வேலை எல்லாம் சேர்ந்ததுதான் தளம். இந்த நகரத்தில் பல குடும்பங்கள் அந்த வேலைகளில்தான் சாப்பிட்டன.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் அணி, 9ஆம் திகதி காலையில் திருகோணமலைக்கு வந்தது. சுமார் 130 விமானங்கள். முதல் நாளே செய்தி கிடைத்ததால் பல கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பியிருந்தார்கள். வெளியே போனதும் எல்லாருக்கும் காப்பாகவில்லை. விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு, 300க்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. டைவிங் போகிறவர்களுக்கு இன்றைக்கும் அந்த இடம் தெரியும்.

உள்ளே நின்ற கப்பல்களில் ஒன்று 'சாகாயிங்'. 1924இல் ஸ்கொட்லாந்தில் கட்டிய, பர்மாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிய கப்பல். ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள ஒரு பர்மிய நகரத்தின் பெயர் அதற்கு. குண்டு பட்டுத் தீப்பிடித்தது. எரிந்து கோதாகிப்போன கப்பலைத் திருத்திப் பயனில்லை என்று விட்டார்கள். 1943 ஓகஸ்டில் அதை வேண்டுமென்றே துறைமுகத்துக்குள் தாழ்த்தி, மற்றக் கப்பல்கள் அணைந்து நிற்க ஒரு இறங்குதுறையாகப் பாவித்தார்கள்.

சீனக்குடாவிலும் அன்றைக்கு ஒரு எரிவு. 101 எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின்மேல் ஒரு ஜப்பானிய விமானம் விழுந்தது. அந்தத் தாங்கி திருத்தப்படவேயில்லை. 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 14, 24, 61 என்று பங்கு பிரித்ததைக் கூட்டிப் பாருங்கள், 99தான் வரும்.

மிதக்கும் தளம் முறிந்த நாள்

எதிரியின் குண்டு போட்ட ஓட்டைக்கு யார் காரணம் என்று கேட்கத் தேவையில்லை. 1944 ஓகஸ்ட் 8இல் இங்கே நடந்ததற்கு எதிரி எவனும் காரணமில்லை.

'வேலியன்ற்' என்ற போர்க்கப்பலை அடி திருத்துவதற்காக மிதக்கும் தளத்தில் ஏற்றினார்கள். மிதக்கும் தளம் என்பது வரிசையாகத் தாங்கிகள் வைத்துக் கட்டிய ஒரு பெரிய இரும்புத் தொட்டி. தாங்கிகளில் தண்ணீரை நிரப்பினால் தளம் தாழும், கப்பல் மேலே மிதந்து வந்து உள்ளே நிற்கும். பிறகு தண்ணீரை இறைத்தால் தளம் கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும்பும். எந்தத் தாங்கியை எப்போது இறைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாரம் நடுவில் இருக்கும்போது இரண்டு அந்தத்தையும் முந்தி எழும்ப விட்டால், பாரக்கட்டை நடுவில் தாங்காமல் தூக்கிய பலகை மாதிரித்தான்.

வேலியன்ற் 30,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல். அன்றைக்கு அது வெடிபொருட்களையும் இறக்காமல் முழுச் சுமையோடு ஏறியிருந்தது. இறைத்த ஒழுங்கும் பிழைத்தது. தளத்தின் முதுகு முறிந்தது. தளம் துறைமுகத்துக்குள்ளேயே தாழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆனால் பின்பக்கத்து உள் விசிறிகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின.

இந்தக் கப்பலுக்கு இது முதல் காயமல்ல. 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் இத்தாலியச் சுழியோடிகள் அடியில் குண்டு வைத்துத் துளைத்திருந்தார்கள். அதைத் திருத்தித்தான் கீழைக் கடலுக்கு அனுப்பினார்கள். எதிரி போட்ட ஓட்டையிலிருந்து மீண்ட கப்பல், சொந்தத் தளத்தில் பட்ட காயத்திலிருந்து மீளவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் சூயஸ் கால்வாய்க்குள் போக அதன் ஆழம் இடம்கொடுக்கவில்லை. பீற்றர் கீபிள் என்ற கடற்படைச் சுழியோடியின் குழு தண்ணீருக்கு அடியில் வெட்டுச்சுவாலை பிடித்து, ஒவ்வொன்றும் சுமார் 18 அங்குலத் தடிப்பான இரண்டு தண்டுகளையும் அறுத்து, விசிறிகளைக் கடலுக்குள் விழவிட்டது. அதற்குப் பிறகுதான் கப்பல் கால்வாயைக் கடந்தது. ஒட்டுகிற அதே வெப்பம் வெட்டவும் செய்யும். சில நேரம் பழுதைச் சுமந்துகொண்டு போவதைவிட வெட்டிவிடுவதுதான் திருத்தம். வேலியன்ற் பிறகு போருக்குப் போகவில்லை. 1948இல் பழைய இரும்புக்குப் போனது.

பழி யார் தலையில்?

அதே போர்க்காலத்தில் அமெரிக்கா 'லிபேர்ட்டி' கப்பல்களைக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. மொத்தம் 2,710. றிவெட் அடிக்க நேரமில்லை, எல்லாம் வெல்டிங். அதற்கு முன் ரொட்டைத் தொட்டே இராத ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் சில வாரப் பயிற்சியோடு வேலைக்கு வந்தார்கள்.

1943 ஜனவரி 16 இரவு, ஒரேகன் மாநிலத்தில், 'ஸ்கெனெக்ரடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அலையில்லாத தண்ணீரில் கட்டுத்துறையில் நின்றபடியே வெடித்து நடுவால் பிளந்தது. வேறு பல கப்பல்களிலும் வெடிப்புகள். உடனே விரல் நீண்டது வெல்டர்களை நோக்கித்தான்: வேலை தெரியாதவர்கள், அவசரக்காரர்கள், பெண்கள்.

நேர்மையாகச் சொன்னால் மோசமான ஒட்டுகளும் இருந்தன. விசாரணையில் அவை அகப்பட்டன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. கேம்பிரிட்ஜில் கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்ற பெண் விஞ்ஞானி அந்த உருக்கையே சோதித்தார். குறிப்பிட்ட ஒரு குளிருக்குக் கீழே போனால் அந்த உருக்கு வளையாமல் கண்ணாடி மாதிரி உடைகிறது என்று காட்டினார். றிவெட் அடித்த கப்பலிலும் உருக்கு அதே மாதிரித்தான். ஆனால் அங்கே வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலில் எல்லாத் தகடும் ஒன்று என்பதால் வெடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, சரக்கறையின் வாயைச் சதுர மூலையாக வெட்டியிருந்தார்கள். இழுவை எல்லாம் அந்த மூலையில் போய்க் குவிந்தது. மூலையை வளைவாக்கி, வெடிப்பை மறிக்கும் பட்டிகளை றிவெட் அடித்துப் போட்டதும் விபத்துகள் குறைந்தன.

உருக்கைத் தெரிந்தெடுத்தது ஒருவர், மூலையைச் சதுரமாக வரைந்தது இன்னொருவர். பேச்சு வாங்கியது ரொட் பிடித்தவர். எங்கட இறாக்கைக் கதையேதான், ஆனால் கப்பல் அளவில்.

இன்றைக்கும் கப்பலுக்கு ஒட்டுத் தகடு போடும்போது மூலையை வளைவாகத்தான் வெட்டுகிறார்கள். வெடிப்பு ஓடாமலிருக்க அதன் நுனியில் ஒரு சின்ன வட்டத் துளை துளைத்துவிட்டுத்தான் ஒட்டத் தொடங்குகிறார்கள். கறள் தின்ற தகட்டின்மேல் இன்னொரு தகட்டை வைத்து மூடுவது கரைக்கு வந்துசேரும்வரைக்கும்தான். கரைக்கு வந்தால் பழுதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்பில் புதுத் துண்டைப் பதிக்க வேண்டும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டவும் ஏலாது. ஒவ்வொரு சூட்டுக்கும் பக்கத்து இரும்பின் தன்மை மாறும். இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு கப்பல் உடைந்திருக்கிறது.

75 வருசத்துக்குப் பிறகு

சாகாயிங்கின் கதை 1943இல் முடியவில்லை. 2017 செப்ரெம்பரில் இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைச் சுழியோடிகள் அதைத் தூக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 452 அடி நீளம். பக்கச் சுவர்கள் சிதைந்திருந்ததால் தண்ணீரை இறைத்தாலும் திரும்ப உள்ளே வரும். அதனால் முதலில் உடலை உறுதிப்படுத்தி, இல்லாத பக்கத்துக்கு ஒரு செயற்கைப் பக்கத்தைக் கட்டி, அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தார்கள். 2018 மார்ச் 22ஆம் திகதி கப்பல் மிதந்தது.

கடைக்கார அண்ணன் செய்ததும் இதேதான் இல்லையா? ஓட்டையின் நடுவில் தொடாதே. மிஞ்சியிருக்கிற நல்ல விளிம்பைத் தேடு. அங்கிருந்து கட்டிக்கொண்டு வா.

அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 'உலகப் போர்க் கப்பல் மீட்பு' என்று படம் பார்த்ததோடு சரி. அந்தக் கப்பல் தீப்பிடித்த நாளில் டொக்யார்ட்டில் வேலை செய்தவர்கள் யார், மிதக்கும் தளம் முறிந்த அன்று தண்ணீர் இறைக்கும் வால்வுகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார், 1957இல் தளம் கைமாறிய பிறகு பட்டறை ஆட்கள் எங்கே போனார்கள் என்று எங்களில் ஒருவரும் வீட்டில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லக்கூடிய தாத்தாமார் அப்போது உயிரோடு இருந்தார்கள். இன்றைக்கு அதில் பலர் இல்லை. எங்களிடம் இருப்பது அட்மிரல்களின் பெயர்ப் பட்டியல். வரலாறு படிக்கிற எங்கட கையில் விழுந்த ஓட்டை இது. இதற்குக் கறளையும் குற்றம் சொல்ல ஏலாது.

இப்ப எங்கட வயதுப் பெடியள் பலர் வெல்டிங் பழகிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே அழுத்தக் குழாய்களில் ஒட்டுபவர்களுக்கு ஆளுக்கு ஒரு இலக்கம். ஒட்டி முடித்தபின் பக்கத்தில் அந்த இலக்கத்தைப் பதிய வேண்டும். பிறகு ஒழுகினால் யார் ஒட்டியது என்று தேட ஒரு நிமிசம் போதும். நல்ல விதிதான். ஆனால் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில், இவ்வளவு மெல்லிய குழாய் போதும் என்று கையெழுத்து வைத்தவரின் இலக்கம் பதியப்படுவதில்லை.

இதை வாசிக்கிற உங்கட வீட்டில் டொக்யார்ட்டிலோ, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளிலோ, மா ஆலையிலோ, சீமெந்து ஆலையிலோ இரும்போடு வேலை செய்த ஒருவர் இருந்தால், இந்தக் கிழமை அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். போரைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை எல்லாரும் கேட்டிருப்பார்கள். என்ன பழுது வந்தது, எப்படித் திருத்தினீர்கள், யாரைப் பழி சொன்னார்கள் என்று கேளுங்கள். விளிம்பில் கொஞ்சம் நல்ல இரும்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது.

இறாக்கை இப்ப எங்கட வட்டத்தின் மூலையில் நிற்கிறது. காலில் அந்தத் திருத்தம் ஒரு மேடாகத் தெரியும். கிரைண்டர் பிடித்து மட்டமாக்கித் தரவா என்று அண்ணன் கேட்டார். வழித்தால் பலம் குறையுமா என்று கேட்டோம். "கொஞ்சம் குறையும்" என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.